பிளேக் மருந்து கண்ட ஹாப்கின்

ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று 2021-ம் வருடத்தில் நம் கடைத்தெருக்களில் நடந்த வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. நோய் தானே வந்து தானே போகட்டும், தேகம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்றார்கள் ஒரு சாரார். சர்க்கார் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்றார்கள் மறு சாரார். சர்க்கார் சொல்வதால்தான் சந்தேகமாயிருக்கிறது என்ற மூன்றாவது கட்சியும் இருந்தது. கடையில் உப்பும் புளியும் வாங்க வந்தவர்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒரு கட்சியாகவே வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த நாமும் ஒரு கட்சியில்தான் இருந்தோம். அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று கட்சியும் புதியவை அல்ல. 1896-ம் வருடம் பம்பாய்ப் பட்டினத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் கண்டபோது இதே வழக்கு, இதைவிடப் பன்மடங்கு உக்கிரமாக நடந்தது. அந்த வழக்கின் நடுவே நின்று, பெரும் புகழும் பெரும் அவமானமும் ஒருங்கே அடைந்த மனிதர் வால்டெமார் ஹாப்கின். அன்னாரின் சரித்திரத்தை நம் வியாபாரச் சகோதரர்கள் அறிந்திருப்பது நல்லது என்று கருதி இதை எழுதுகிறோம்.

ஹாப்கின் 1860-ம் வருடம் மார்ச் 15-ந் தேதி கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸா துறைமுகப் பட்டினத்தில், யூத வியாபாரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்தப் பட்டினம் அப்போது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது; இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அவர் படித்தது வைத்தியம் அல்ல, உயிரினங்களின் சாஸ்திரம். மெச்னிக்கோவ் என்ற பேராசிரியரிடம் பாடம் கேட்டார். வாலிபத்தில் ருஷ்ய ஆட்சியை எதிர்த்த கூட்டத்தாருடன் சேர்ந்ததாலும், யூதர்களைக் கலகக்காரர்கள் தாக்கியபோது தம் மக்களைக் காக்க நின்றதாலும் சிறைக்குப் போனார். பட்டம் பெற்ற பின்பும் யூதராக இருக்கும் வரையில் சர்வகலாசாலையில் உயர்ந்த உத்தியோகம் கிடையாது என்ற நிலை. மதம் மாறினால் கிடைக்கும். அவர் மாறவில்லை. 1888-ல் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவா போனார். மறு வருடம் பாரிஸில் பாஸ்டர் அவர்களின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? புத்தகசாலையில் துணை வேலை. பகலில் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும், மிஞ்சிய நேரத்தில் கிருமிகளை ஆராய்வதுமாகக் காலம் தள்ளினார்.

அக்காலத்தில் உலகத்தை ஆட்டி வைத்தது காலரா என்னும் வாந்திபேதி. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் பட்டினத்தில் மாத்திரம் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அது வாரிக்கொண்டு போயிற்று. ஹாப்கின் அந்தக் கிருமியை எடுத்து, சூட்டினாலும் காற்றினாலும் அதன் வீரியத்தைக் குறைத்து, மனித உடம்பில் செலுத்தத்தக்க மருந்தாக்கினார். முயலுக்கும் கினியா எலிக்கும் கொடுத்துப் பார்த்தாயிற்று. மனிதருக்கு? 1892-ம் வருடம் ஜூலை 18-ந் தேதி அதைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலித்தது, சில நாளில் சுகமாயிற்று. அதற்குப் பிறகுதான் நண்பர்களுக்குக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். ஒருமுறை வந்து பிழைத்தவனுக்கு அந்த நோய் எளிதில் திரும்ப வராது என்பது பல நோய்களில் உண்மை. அம்மை விஷயத்தில் நம் பாட்டிமார்களே இதை அறிவார்கள். நோயை ஒருமுறை பார்த்த தேகம் அதை எதிர்க்கும் வித்தையைக் கற்றுக்கொள்கிறது. ஆகவே இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி வரும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிப்புக்குக் கூலி என்ன என்பதுதான் கேள்வி. கிருமியைக் கொன்றோ, வீரியம் குறைத்தோ உடம்புக்குக் காட்டினால் அதே பாடத்தைக் குறைந்த கூலியில் கற்கலாம் என்பதுதான் தடுப்பூசியின் முழு சூத்திரமும். அது அந்த அளவுக்குக் கற்றுக்கொடுக்கிறதா, கூலி உண்மையிலேயே குறைவுதானா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாய்ப்பேச்சால் சொல்ல முடியாது. ஹாப்கினின் பெருமை நம் பார்வையில் அவர் மருந்து கண்டதைவிட, அந்தக் கணக்கை ஒழுங்காக எழுத முயன்றதில்தான் இருக்கிறது.

இந்தியாவின் மாஜி வைஸ்ராய் டப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராயிருந்தார். அவர் ஆதரவினால் 1893-ல் ஹாப்கின் கல்கத்தா வந்து சேர்ந்தார். இரண்டரை வருடத்துக்குள் ஆக்ரா முதல் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் வரை அலைந்து சுமார் 42,000 பேருக்கு வாந்திபேதி ஊசி போட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பி வந்தவர்களுக்கே போட்டார். ஒரே இடத்தில், ஒரே தண்ணீர் குடித்து, ஒரே சோறு தின்பவர்களில் போட்டுக்கொண்டவர் எத்தனை, போட்டுக்கொள்ளாதவர் எத்தனை, நோய் வந்தபோது இரு பக்கத்திலும் என்ன நடந்தது என்று பற்று வரவு போல எழுதி வைத்தார். கல்கத்தாவில் கட்டால் பாகான் என்ற குடிசைப் பகுதியில் 1894-ல் ஒரு குளத்தைச் சுற்றி நோய் கண்டது. சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு பத்துப் பேருக்கு நோய் வந்தது; ஏழு பேர் இறந்தனர். அந்தப் பத்துப் பேரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள்.

அலைச்சலில் மலேரியா பீடித்து 1895-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். மறு வருடமே மீண்டும் வந்தார். வந்த வருடத்தில்தான் பம்பாயில் பிளேக் கண்டது.

அது முதலில் கண்ட இடம் மாண்ட்வி; துறைமுகத்தை அடுத்த, தானியக் கிட்டங்கிகள் நிறைந்த வியாபாரப் பேட்டை. ஹாங்காங்கில் 1894-ல் கண்ட நோய் கப்பல் வழியாக வந்திருக்கும் என்பது பொது அபிப்பிராயம். கிட்டங்கியில் எலி செத்து விழுவதை வியாபாரிகள் கண்டார்கள். பிறகு மூட்டை தூக்குபவர்கள் விழுந்தார்கள். ஆனால் எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் இந்த நோயைச் சுமப்பது எலித் தெள்ளுப்பூச்சி என்பதை 1898-ல் சிமாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கராச்சியில் கண்டு சொல்லும் வரையில் யாரும் அறியார். அவர் சொன்ன பிறகும் பல வருடங்கள் பலர் நம்பவில்லை. சர்க்கார் எல்லாப் பழியையும் அழுக்கின் மேல் போட்டது. சாக்கடைகளில் மருந்து நீரை ஊற்றினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தரையைத் தோண்டினார்கள், சாமான்களைக் கொளுத்தினார்கள். எலிகள் அடுத்த வீட்டுக்குப் போயின. 1897 பிப்ரவரிக்குள் பம்பாயிலிருந்து மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் ஓடிப்போனார்கள். போன இடமெல்லாம் நோயும் போயிற்று. கொள்ளைநோய் கண்ட ஊரை விட்டு ஓடாதே, அவ்வூருக்குள் போகாதே என்று மார்க்கம் விதித்திருப்பதை மதரஸாவில் சிறு பிள்ளையாயிருக்கும்போதே நாமெல்லாம் ஓதியிருக்கிறோம்.

ஹாப்கினை சர்க்கார் அக்டோபர் மாதம் பம்பாய்க்கு அனுப்பிற்று. கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஓர் அறையும் ஒரு நடையும் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று சேவகர்கள். அவ்வளவுதான். பிளேக் கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்க்க வேண்டும். மாட்டிறைச்சி என்றால் இந்துக்கள் ஏற்கமாட்டார்கள், பன்றி என்றால் முஸ்லிம்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிந்து, ஆட்டிறைச்சிச் சாற்றை உபயோகித்தார். சாற்றின் மேல் சில துளி நெய்யோ தேங்காய் எண்ணெயோ மிதக்க விட்டார். அந்தத் துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோல் கீழே தொங்கி வளர்ந்தன. குலுக்கினால் விழுது அறுந்து அடியில் தங்கும், மேலே மறுபடி புதிது வளரும். இவ்விதம் சில வாரம் வளர்த்து, சூடு காட்டிக் கிருமிகளைக் கொன்று, கெடாமலிருக்கக் கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்துப் புட்டிகளில் அடைத்தார். பெரிய யந்திரங்கள் ஒன்றுமில்லை. நம் கடையில் கிடைக்கும் நெய்யையும் தேங்காய் எண்ணெயையும் கொண்டு ஒருவர் பிளேக்கை எதிர்க்க வழி கண்டார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்று மாதத்தில் மருந்து தயார். 1897 ஜனவரி 10-ந் தேதி அதையும் முதலில் தாமே போட்டுக்கொண்டார். அதுவும் பிற்பாடு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடச் சில மடங்கு அதிக அளவு. கடும் காய்ச்சல் அடித்தது, பிழைத்தார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் மாண்டனர். போட்டுக்கொண்டவர்களில் 2 பேருக்கு வந்தது, இருவரும் பிழைத்தனர்.

இவ்வளவு தெளிவாயிருந்தும் ஜனங்கள் ஏன் நம்பவில்லை? மருந்தின் மேல் உள்ள சந்தேகத்தைவிட சர்க்காரின் மேல் இருந்த கோபம் பெரிது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. அதன்படி எந்த வீட்டிலும் நுழையலாம், யாரையும் முகாமுக்குக் கொண்டு போகலாம், எதையும் அழிக்கலாம். பூனாவில் ராண்ட் என்ற அதிகாரி வெள்ளைச் சிப்பாய்களை வீடு வீடாக ஏவினார். சமையலறையிலும் பூஜையறையிலும் ஜனானாவிலும் சிப்பாய்கள் நுழைந்தார்கள். பெண்களின் உடம்பில் நெறி கட்டியிருக்கிறதா என்று அந்நிய ஆடவர் பரிசோதிப்பதை எந்தக் குடும்பம் பொறுக்கும்? ஜூன் 22-ந் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அவர் சில நாளில் இறந்தார். பம்பாயில் 1898 மார்ச் மாதம், நோய் கண்டதாகச் சொல்லி ஒரு சிறு பெண்ணைக் கொண்டுபோக வந்தபோது முஸ்லிம் நெசவாளர்கள் மறித்தார்கள். கலகம் மூண்டு துப்பாக்கிப் பிரயோகத்தில் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் உடம்பிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்தது. ஏற்கெனவே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியிருந்தார்கள். பம்பாயிலிருந்து ஹஜ் பிரயாணத்தையும் 1897-ல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு வலுவான காரணம் இருந்தது. எனினும் ஏற்கெனவே வெந்துபோயிருந்த மனங்களுக்கு அது இன்னொரு கொடுமையாகவே தோன்றிற்று.

நம்மவர்களும் இதில் ஒரு பங்கை அறிவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்த நம் முன்னோர்கள் ஜெரஜாக் தீவில் கொரண்டைன் முகாமில் கிடந்து, துணிமணிகள் ஆவியில் வெந்து, அம்மைப்பால் குத்தப்பட்ட பிறகே கரையேறினார்கள். அந்த முகாமைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன பெரியவர் ஒருவரையும் நாம் சந்தித்ததில்லை. ஆனால் முகாமின் மேல் உள்ள வெறுப்பு வேறு, மருந்தின் குணம் வேறு. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததால் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் சர்க்காரின் குரலைவிட வேறொரு குரல் சாதித்ததைச் சொல்ல வேண்டும். கோஜா வியாபாரிகளின் தலைவரான மூன்றாம் ஆகாகான் அப்போது இருபது வயது நிரம்பாத வாலிபர். அவர் ஹாப்கினைக் கண்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தம் ஜமாஅத்தார் பார்க்கத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவையல்ல, பல தடவை. குஷ்ரு லாட்ஜ் என்ற தம் மாளிகையையும் மருந்து தயாரிக்கக் கொடுத்தார். பம்பாய்க் கோஜாக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களிடையே சாவு குறைந்தது. சட்டமும் துப்பாக்கியும் செய்யாததை, தங்களில் ஒருவர் கையை நீட்டியது செய்தது.

1898 பிப்ரவரியில் பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த உந்தேரா என்ற கிராமத்தில் ஹாப்கின் தம் கணக்கை இன்னும் செம்மையாக எழுதினார். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிப்பேருக்கு ஊசி, பாதிப்பேருக்கு இல்லை. ஒரே கூரை, ஒரே பாத்திரம், ஒரே எலி. பிறகு நோய் நுழைந்த 28 குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 71 பேரில் 8 பேருக்கு நோய் வந்து 3 பேர் இறந்தார்கள். போட்டுக்கொள்ளாத 64 பேரில் 27 பேருக்கு நோய் வந்து 26 பேர் இறந்தார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஊசி போட்டவர்களிலும் மூவர் இறந்தார்கள். ஹாப்கின் அதை மறைக்கவில்லை. மருந்து பூரண காப்பு அல்ல, சில மாதங்களுக்கு மேல் அதன் பலம் நிற்பதுமில்லை. மற்றொன்று: இயற்கையாக நோயைப் பெற்றுப் பிழைத்து எதிர்ப்புச் சக்தி அடைந்தவர் அந்த 27 பேரில் ஒரே ஒருவர். அவருக்கு அந்தச் சக்தி கிடைக்க 26 மையித்து விழுந்தது. இயற்கையின் கடையில் சரக்கு உண்டு, விலையைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா நோய்க்கும் இந்த விலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சளிக் காய்ச்சலுக்கு விலை அற்பம், பிளேக்குக்கு இந்த விலை. நோய்க்கு நோய் விலை மாறும்போது ஒரே தீர்ப்பை எல்லாவற்றுக்கும் சொல்வது எப்படி?

1898-ல் சர்க்கார் நியமித்த பிளேக் கமிஷன் இந்த மருந்தை நன்றாகத் துருவிற்று. கணக்குகளில் சில இடங்களில் பிழை உண்டு, மருந்தின் அளவும் புட்டிக்குப் புட்டி ஒன்றாயில்லை என்று குறை சொல்லிற்று. ஆனாலும் நோயையும் சாவையும் இது குறைக்கிறது என்று ஒப்புக்கொண்டது. இதனிடையே ஊசி போட்டுக்கொண்டதற்குச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முகாமில் அடைபடுவதிலிருந்து விலக்கு அளித்தார்கள். சீட்டுக்காகவே பலர் போட்டுக்கொண்டார்கள். 2021-ல் சீட்டைப் பார்த்துக் கடைக்குள் விட்ட வழக்கத்தைப் புதுமை என்று எண்ணியவர்கள் இதை அறிய வேண்டும். 1899-ல் பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையை ஆராய்ச்சி நிலையமாக்கி ஹாப்கினிடம் கொடுத்தார்கள். ஒரு கவர்னரின் மனைவியார் அங்கேயே வாந்திபேதியில் இறந்ததற்குப் பின் கவர்னர்கள் குடியிருக்க விரும்பாத மாளிகை அது. ஓர் அறையிலும் ஒரு நடையிலும் தொடங்கியவர் இப்போது மாளிகையில் அமர்ந்தார்.

அங்கிருந்து விழ மூன்று வருடம்தான் ஆயிற்று.

1902-ல் பஞ்சாபில் பிளேக் கடுமையாயிற்று. லட்சக்கணக்கில் மருந்து வேண்டும், உடனே வேண்டும் என்று அம்மாகாண சர்க்கார் கேட்டது. அவ்வளவு சரக்கை விரைவில் தயாரிக்க ஹாப்கின் முறையைச் சற்று மாற்றினார். கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டு, சூட்டினால் மாத்திரம் சுத்தம் செய்தார். அக்டோபர் 30-ந் தேதி மல்கோவால் என்ற கிராமத்தில் (இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது) 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழிந்தபின் சிலருக்குத் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாய் வளைந்தது. இசிவு நோய். 19 பேர் மாண்டார்கள். அந்தப் பத்தொன்பது பேருக்கும் 53-என் என்று இலக்கமிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுக்கப்பட்டிருந்தது. மற்றப் புட்டிகளில் எடுத்துப் போட்ட 88 பேருக்கும் ஒன்றும் நேரவில்லை.

ஒரு புட்டியில் விஷம் நுழைந்தது, சந்தேகமில்லை. எங்கே நுழைந்தது என்பதே வழக்கு. பம்பாயில் அடைக்கும்போதா, மல்கோவாலில் திறக்கும்போதா? மூட்டை கெட்டிருந்தால் மில்லில் கெட்டதா, கப்பலில் கெட்டதா, நம் கிட்டங்கியில் கெட்டதா என்று கேட்பதுபோல. பம்பாய்ப் பிரதம நீதிபதி தலைமையில் அமைந்த கமிஷன், புட்டி திறக்கப்படுவதற்கு முன்னரே, அதாவது ஹாப்கினின் நிலையத்திலேயே, விஷம் நுழைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அமிலத்தை விட்டது குற்றம் என்றது. பாரிஸிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஹாப்கின் சொன்னது எடுபடவில்லை. பதவி போயிற்று. 1904-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இந்திய வைத்திய இலாகாவில் இருந்த சிலருக்கு, வைத்தியப் பட்டமில்லாத ஓர் அந்நியர், அதிலும் ருஷ்ய யூதர், தங்களுக்கு மேலே அமர்ந்திருந்தது முன்பிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

கமிஷனின் விசாரணைக் காகிதங்கள் நான்கு வருடம் வெளிவரவில்லை. 1906-ல் வெளிவந்தபோதுதான் வெளியார் ஒரு சாட்சியத்தைப் படித்தார்கள். மல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறந்தபோது உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டார். அதை எடுத்துச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதைக்கொண்டே தக்கையைப் பிடுங்கினார். இசிவுக் கிருமி வாழும் இடமே மண்ணும் சாணமும்தான். இன்னொன்று: அந்தக் கிருமி ஒரு மாதத்துக்கு மேலாகப் புட்டிக்குள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் துர்நாற்றம் அடித்திருக்க வேண்டும். புட்டியைத் திறந்தபோது நாற்றம் ஏதுமில்லை என்பது சாட்சியத்திலேயே இருக்கிறது. எண்ணெய் டின்னைத் திறக்கும் எந்தக் கடைக்காரனுக்கும் இந்த வாதம் புரியும். தாடை பூட்டுவதற்கு ஒரு வாரம் பிடித்ததும், விஷம் பழையதல்ல, அன்று நுழைந்தது என்பதற்கே சாட்சி.

மலேரியாக் காய்ச்சலைக் கொசு பரப்புவதைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் இதைக் கையிலெடுத்துக்கொண்டார். பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். 1907 ஜூலையில் கிருமி சாஸ்திர நிபுணர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டு லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வருடக் கடைசியில் சர்க்கார் ஹாப்கின் மீதுள்ள பழியை நீக்கி மறுபடி வேலை கொடுத்தது. கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், பரேல் அல்ல. பிளேக் மருந்து வேலையிலும் அவருக்குப் பழைய இடமில்லை.

இந்த ஐந்து வருடத்தில் நடந்ததுதான் பெரிய நஷ்டம். மல்கோவால் செய்தி பஞ்சாப் முழுவதும் பரவி, ஊசி என்றாலே ஜனங்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்தியதில் ஆச்சரியம் என்ன? பத்தொன்பது பிரேதங்களை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். ஊசியால் பிழைத்தவனைக் கண்ணால் பார்க்க முடியாது. அவன் எப்போதும்போல் சந்தையில் நடந்துகொண்டிருப்பான். தவறு எங்கே நடந்தது என்பதை சர்க்கார் அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், ஒரு புட்டியின் குற்றம் ஒரு புட்டியோடு நின்றிருக்கலாம். காகிதத்தைப் பூட்டி வைத்தார்கள்; மனிதரைக் கப்பலேற்றினார்கள்; வதந்திக்குக் கடை திறந்து கொடுத்தார்கள். 1907-ம் வருடம் ஒன்றில் மாத்திரம் பஞ்சாபில் பிளேக்கினால் இறந்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். அவர்களில் எத்தனை பேரை ஊசி காத்திருக்கும் என்று கணக்குச் சொல்ல நம்மால் ஆகாது. அந்தப் பத்தொன்பது பேரின் குடும்பங்களுக்கும் ராஸின் வாதத்தால் ஒன்றும் திரும்பி வரவில்லை.

முதல் உலக யுத்தத்தின் தொடக்க காலத்தில் ஹாப்கின் வேலையிலிருந்து விலகிப் பிரான்ஸுக்குப் போனார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தைத் தம் மார்க்க அனுஷ்டானங்களில் கழித்தார். தம் பொருளையெல்லாம் கிழக்கு ஐரோப்பாவில் யூதப் பிள்ளைகள் வேதம் ஓதும் பாடசாலைகளுக்கு எழுதி வைத்தார். பிறந்த மார்க்கத்தை விடாததால் வாலிபத்தில் உத்தியோகத்தை இழந்தவர், முதுமையில் சம்பாத்தியத்தையும் அதற்கே கொடுத்தார் என்றால் நம் சகோதரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

1897 முதல் 1925 வரையில் பம்பாயிலிருந்து வெளியூர்களுக்குச் சென்ற பிளேக் மருந்து இரண்டரைக் கோடி அளவுக்கு மேல். இன்று அந்த மருந்து வழக்கில் இல்லை. காலத்தில் கொடுத்தால் பிளேக்கைக் குணப்படுத்தும் வேறு மருந்துகள் வந்துவிட்டன. 1925-ல் பரேல் நிலையத்துக்கு ஹாப்கின் பெயரை வைத்தார்கள். அப்போது அவர் உயிருடன் இருந்தார். 1930-ம் வருடம் அக்டோபர் 26-ந் தேதி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் காலமானார். மும்பை பரேலில் அந்தக் கட்டடம் இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது.